கூச்சத்துக்கு ஓர் எண்

அன்பு நண்பரே,

கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு எதிரே புதிதாக ஓர் அடுக்குமாடி எழும்புகிறது. நேற்றுக் காலை தேநீரோடு பால்கனியில் நின்றபோது, சாரத்தில் ஏறிய ஒருவன் தன் இடுப்புப் பெல்ட்டின் கொக்கியைக் குழாயில் மாட்டிய சத்தம் கேட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். போன வாரம்தான் உம் மகள் தொலைபேசியில் அழைத்து, நீர் மாசியில் காலமானதைச் சொன்னாள். என் எண்ணை எங்கெங்கோ விசாரித்துக் கண்டுபிடித்ததாம் அந்தப் பிள்ளை. அப்போது அழுகை வரவில்லை. இந்தச் சத்தத்துக்குத்தான் வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. துபாயில், தேராவைத் தாண்டி, மணலுக்கு நடுவே நம் கட்டட சைட்டின் தகரக் கேபின். நீர் பாதுகாப்பு அதிகாரி. நான் சம்பளப் பட்டியல் போடும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். உம் திருநெல்வேலியிலும் என் யாழ்ப்பாணத்திலும் சினேகிதர்கள் ‘நீர்’ என்று பேசிக்கொள்வது வழக்கம். அதைக் கேட்டு மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். நமக்கோ அதுவே ஒட்டுதலாகிவிட்டது.

முருகையா சாரத்திலிருந்து விழுந்து செத்தது ஒரு காலை நேரத்தில். சிவகங்கைப் பக்கத்தவன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவன். பெல்ட் இடுப்பில் இருந்தது. கொக்கிதான் எங்கும் மாட்டப்படவில்லை. மாட்டாதவனுக்கு இனி அபராதம் என்று தாள் ஒட்டச் சொன்னார் மேனேஜர். நீர் ஒட்டவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு தொழிலாளர் தங்கும் கேம்ப்புக்குப் போய், அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் காசியிடம் காரணம் கேட்டீர்.

“யாருமே மாட்டல சார். நாம மட்டும் மாட்டுனா பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பாங்க. அவனுக்கும் அதான்” என்றார் காசி.

கேபினுக்குத் திரும்பியதும் என் கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டீர்:

“இந்தப் பெட்டிக்குள்ள ஆளுங்கள விட முடியுமா வே?”

“என்ன சொல்லுறீர்?”

“ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. பக்கத்துல நிக்கிறவன் என்ன செய்யுதான்னு பாத்துத்தான் அவனும் செய்யணும். பயத்துக்கு ஒரு நம்பர் போடும். கூச்சத்துக்கு ஒரு நம்பர் போடும். என்ன நடக்குன்னு பாப்போம்.”

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் தேராவுக்குக் கடைத்தெரு பார்க்கப் போக, நாம் அந்தக் கேபினிலேயே கிடந்தோம். பச்சைத் திரையில் கொக்கி மாட்டியவன் நட்சத்திரம், மாட்டாதவன் புள்ளி. புரோகிராம் எழுதுவது என் பாடு. நீர் கேம்ப்பில் போய் உட்கார்ந்து, யார் யாரைப் பார்த்து எதைச் செய்கிறார்கள் என்று கேட்டுவந்து எண்களைத் திருத்துவீர். பயத்தின் எண்ணை எவ்வளவு ஏற்றியும் பயனில்லை. சிறிது நேரம் நட்சத்திரங்கள் மின்னும், மறுபடி புள்ளிகளாகிவிடும். யார் சிரித்தாலும் கொக்கியைக் கழற்றாத ஒருவனை நடுவில் நிறுத்தினோம். அவன் பாட்டுக்குத் தனியாகவே நின்றான். அவன் பக்கத்தில் அதேபோல் இன்னொருவனை வைத்தோம். மெல்ல மெல்லத் திரை முழுதும் நட்சத்திரமானது. நீர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டீர்.

“பயம் இல்லாததால சாகல வே. கூச்சம்தான் கொல்லுது. ரெண்டு பேர் போதும்.”

“ஆர் அந்த ரெண்டு பேர்?”

“நானும் நீரும்தான்.”

“உமக்கு விசர் பிடிச்சிட்டுதே? ஏணியில ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்!”

ஆனாலும் ஏறினேன். காலைதோறும் மேல்மாடிச் சாரத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு அவர்களோடு நின்றோம். நான் கண்ணை மூடியபடி குழாயைக் கட்டிப்பிடித்திருப்பேன். “ஆபீஸ் பாபு ஊஞ்சலாட வந்துட்டாருடா” என்று சிரித்தார்கள். நீரும் சேர்ந்து சிரித்தீர். அந்தச் சிரிப்பு அலுத்துப்போன ஒரு காலையில் காசி மாட்டினார். பிறகு அவருக்கு அடுத்து நின்றவர். திரையில் கண்ட வேகம் இல்லை. இடையிடையே கழற்றினார்கள், திரும்ப மாட்டினார்கள். ஆனாலும் பரவியது.

வேலை பிந்துகிறது என்று மேனேஜர் அந்தக் குழுவில் பாதியைப் பிரித்துப் பக்கத்துக் கட்டடங்களுக்கு அனுப்பினார். பழகியவர்களைப் பிரிக்காதீர்கள் என்று நீர் மன்றாடினீர். “ஜல்தி காம் சாஹியே”, வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று போய்விட்டார். பிரிந்துபோனவர்களில் ஒருவன், அங்கே யாரும் மாட்டாததால் தானும் மாட்டாமல் நின்று விழுந்தான். உயிர் தப்பியது, நடை தப்பவில்லை. கட்டட உரிமையாளரின் இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் நீர் வெளிப்படையாகச் சொன்னீர். அந்த வாரமே மேனேஜர் உம்மைக் கூப்பிட்டு “கலாஸ்”, எல்லாம் முடிந்தது என்றார். விசா ரத்து.

ஏர்போர்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி மேல ஏற வேண்டாம் வே. ஒத்த ஆள் நின்னா பரவாது. நாமதான் பாத்தோமே” என்றீர். அதுதான் உம்மிடம் நான் கேட்ட கடைசிப் பேச்சு. உம் ஊர் விலாசத்துக்கு எழுதியவை திரும்பி வந்தன. பிறகு என் நாட்டுச் சண்டை என்னையும் ஊர் ஊராய்த் துரத்தியது. ஆகவே அதற்குப் பின் நடந்தது உமக்குத் தெரியாமலே போயிற்று. இப்போது சொல்கிறேன்.

நீர் போன மறுநாள் காலை, சாரத்தின் அடியில் ஏறுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். காசி பக்கத்தில் வந்தார். “அந்த சார் எடத்துல நான் நிக்கிறேன். நீங்க ஏறுங்க சார்.” ஏறினோம். அவரும் நானும் அங்கே இருந்தவரை அந்தச் சாரத்திலிருந்து எவரும் விழவில்லை.

“துபாயில ஒரு வேலையப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன்னு அப்பா கடைசிவரை சொல்லிட்டே இருந்தாங்க மாமா” என்றாள் உம் மகள். நான் இதைச் சொன்னேன். அம்மாவும் கேட்கட்டும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். கேட்க வேண்டியவர் நீரல்லவா? ஒரு வருடம் முந்தி அந்தப் பிள்ளை என் எண்ணைக் கண்டுபிடித்திருக்கலாகாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

போன மாதம் எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில், ஓர் அம்மா எழுந்து தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஏதோ கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியில் என்ன பிரச்சினை என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், அவர் பக்கத்தில் நின்றேன்.