முக்காமல் போட்ட கிளை

மார்ச் 3, ஞாயிறு

கடல்நீர்த் தொட்டியில், பச்சைக் கிளைப் பவளத்தில் வெளிறிய வட்டங்கள். குண்டூசித் தலை அளவு. வெளிச்சம் கூடினால் நுனிதான் வெளிறும். இது அடித்தண்டில், நிழல் பக்கத்தில். பீச்சுக்குழலால் தண்ணீரை வேகமாக அடித்தேன். ஒன்று கழன்று மிதந்தது. தட்டைப் புழு. எந்தப் பவளத்தைத் தின்கிறதோ அதன் நிறத்தையே போர்த்திக்கொள்ளும். கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. உறவுக்காரர்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள்.

எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. மருந்தில் முக்காமல், தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் என் தொட்டிக்குள் எதுவும் நுழைந்ததில்லை, ஒன்றைத் தவிர. போன மாதம் மனைவியின் தம்பி கொண்டுவந்த ஊதாக் கிளை. வாளியில் மருந்து கலக்கப் போனேன். வந்திருந்தவர்கள் முன்னால் இவள், "என் தம்பி குடுத்ததுங்க. அதுக்கும் கிருமி பாக்கணுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான். நேராகத் தொட்டியில் வைத்தேன். இத்தனை வருட ஒழுங்கு ஒரு சிரிப்பில் போயிற்று.

மார்ச் 4, திங்கள்

கல்லூரிக்கு விடுப்பு. கிளைப் பவளம் அத்தனையையும் வெளியே எடுத்தேன். பாறையோடு பாறையாக வளர்ந்தவற்றை உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. ஒவ்வொன்று முறிந்தபோதும் அவன் முகம்தான். மருந்துத் தண்ணீரில் ஆட்டியதும் புழுக்கள் சுருண்டு வாளியின் அடியில் படிந்தன. சிக்கல் முட்டைகளில்தான். அடித்தண்டில் பழுப்பாக அப்பிக் கிடக்கும். எந்த மருந்தும் அவற்றை ஒன்றும் செய்யாது. சுரண்டி எடுக்க வேண்டும். தப்பியவை பொரிந்து வர வர, வாராவாரம் முக்கிக் கொல்ல வேண்டும். அதுவரை பெரிய தொட்டியில் கிளைப் பவளமே இருக்கக் கூடாது. அங்கே மிஞ்சிய புழு பட்டினியில் சாகட்டும்.

இவளிடம் சுத்தம் செய்கிறேன் என்றேன். நம்பினாள். தொட்டியைப் பற்றி நான் எது சொன்னாலும் நம்புவாள், காதில் வாங்காததால்.

அப்படியென்றால் அவன் தொட்டியிலும் இருக்கிறது. போன் செய்து சொல்ல ஒரு நிமிடம் ஆகும். செய்யவில்லை.

மார்ச் 9, சனி

அவனுடைய பல் மருத்துவமனைக்குப் போனேன். மனைவி வீட்டில் அவன் 'டாக்டர்', நான் 'வாத்தியார்'. பல் பிடுங்குகிறவன் டாக்டர். வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய நான் வாத்தியார்.

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் அவன் தொட்டி. நடுவில், எனக்குக் கிளை ஒடித்துக் கொடுத்த அந்த ஊதாப் புதர், குடை விரித்தாற்போல. அவன் மனைவி அவனை விட்டுப் பிரிந்த வருடம், பித்துப் பிடித்தவன் மாதிரி கிடந்தவனுக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது நான். உப்பு கலக்குவதிலிருந்து எல்லாம். பிறகு பவளம் வளர்ப்போர் கூட்டத்தில் மேடையேறி, தானே படித்துத் தெரிந்துகொண்டதாகப் பேசினான். முன்வரிசையில் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், அடியில வெளுத்தாப்ல இருக்கு. என்னன்னு பாருங்களேன்."

குனிந்து பார்த்தேன். கடித்த தடங்கள், அச்சடித்தாற்போல.

"வெளிச்சம் ஜாஸ்தி. குறைச்சுப் பாரு."

ஒரு கேள்வியும் கேட்காமல் கையை உயர்த்தி விளக்கைக் குறைத்தான்.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டாம் முக்கல். புழு குறைவு. முட்டை நிறைய.

மார்ச் 17, ஞாயிறு

முட்டை சுரண்டக் கத்தி சரிப்படவில்லை, தண்டு நொறுங்குகிறது. பல் காறை சுரண்டும் மெல்லிய கொக்கி ஒன்று வேண்டும் என்று அவனிடம் கேட்டேன். பாசி எடுக்க என்றேன். உறை பிரிக்காத புதுக் கொக்கிகளாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். அற்புதமான கருவி. ஒரு முட்டை மிச்சமில்லை.

மார்ச் 26, செவ்வாய்

போனில் அவன். வெளுப்பு மேலே ஏறுகிறதாம். இன்னும் குறை என்றேன். குரல் கம்மியிருந்தது. இன்று சோறு நன்றாக இறங்கியது.

ஏப்ரல் 7, ஞாயிறு

அவன் மருத்துவமனைக்குப் போனேன். புதரில் பாதி செத்து வெறும் எலும்பு. மேலே பாசி படரத் தொடங்கிவிட்டது. கூடமே இருட்டாக இருக்கிறது. நோயாளிகள் பெஞ்சில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"பல்லா இருந்தா வேர் சிகிச்சை பண்ணிருப்பேன் அத்தான்," என்று சிரிக்கப் பார்த்தான்.

சில நேரம் காரணமில்லாமல் இப்படிப் போகும் என்றேன். படியிறங்கும்போது ஒரு கணம் நின்றேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னால், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். காலம் கடந்துவிட்டது என்பதிலும் ஒரு வசதி இருக்கிறது.

ஏப்ரல் 20, சனி

போன இரண்டு முக்கலிலும் ஒரு புழுகூட விழவில்லை. இன்று எல்லாவற்றையும் பெரிய தொட்டியில் பசை வைத்து ஒட்டினேன். மாலைக்குள் பூவாக விரிந்துவிட்டன. பொறுமையாக, முறையாகச் செய்கிறவனுக்குத்தான் இது வாய்க்கும்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கல்லூரியிலிருந்து வந்தால் தொட்டியின் நடுவில், என் பச்சையை உரசிக்கொண்டு, கையளவு ஊதாத் துண்டு. பக்கத்தில் இவள், முழங்கை வரை ஈரம், முகமெல்லாம் பெருமை.

"தம்பிகிட்ட பொழைச்சது இது ஒண்ணுதாங்க. அத்தான்கிட்ட இருந்தாத்தான் உயிரோட இருக்கும்னு குடுத்தான். நானே வெச்சுட்டேன்."

சட்டையோடு கையை விட்டுப் பிடுங்கி வாளியில் போட்டேன்.

"என்ன பண்றீங்க?"

"புழு இருக்குடி அதுல."

"இன்னும் உத்துக்கூடப் பாக்கலையே. எப்படித் தெரியும்?"

வாளியில் மருந்தை ஊற்றினேன். அவள் வாளியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"மார்ச்சுல எல்லாத்தையும் வெளிய எடுத்தீங்களே, அது இதுக்குத்தானா?"

ஈரச் சட்டைக் கையைப் பிழிந்தேன்.

"அப்ப அவனை வெளிச்சத்தக் குறைக்கச் சொன்னது?"

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். துவாலையை எடுத்துக் கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏன் வாயத் தொறந்தேன்? 'எடம் பத்தாது'ன்னு சொல்லிருக்கலாம், 'உப்பு ஒத்துக்காது'ன்னு சொல்லிருக்கலாம். ஆயிரம் இருக்கு. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சிரிச்சது யாரு? முக்க விடாம பண்ணது யாரு? இவதானே? இப்ப என்னைக் கேக்குறா.

ஏப்ரல் 24, புதன்

பிற்பகல் முழுவதும் அந்தத் துண்டு உள்ளே இருந்திருக்கிறது. பெரிய தொட்டியை மறுபடி காலி செய்து, அந்தத் துண்டையும் சேர்த்து எல்லாவற்றையும் முக்கித் தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும். முதலிலிருந்து. ஒட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

காலையில் இவள் பேசியது இவ்வளவுதான்: "அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா நீங்க சொல்லுங்க."

மே 1, புதன்

சொல்லவில்லை. இவள் தட்டு வைக்கிறாள், எடுக்கிறாள்.

மே 5, ஞாயிறு

அவன் வந்தான். விளக்கு, மோட்டார், பிரித்து மடித்த குழாய்கள் என்று கார் நிறையச் சாமான்.

"எனக்கு இது சரிப்பட்டு வரல அத்தான். நீங்க வெச்சுக்கோங்க. எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதானே."

இந்த ஒரு வார்த்தையை மேடையில் சொல்லித் தொலைத்திருக்கலாம். வேண்டாம் என்றேன். பிறகு தேவைப்படும், வீட்டில் வை என்றேன். சமையலறை வாசலில் வந்து நின்றாள் இவள்.

"வாங்கிக்கோங்க."

வாங்கிக்கொண்டேன். விளக்கு கனம், மறுமுனையை அவன் பிடித்தான். மாடி அறையில் இறக்கி வைத்ததும் தனித்தொட்டி பக்கம் குனிந்தான். ஊதாத் துண்டு பூவாக விரிந்திருந்தது. பின்னால் ஏறி வந்தவளிடம் திரும்பினான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு.

"பாத்தியாக்கா, அத்தான் கைராசிய?"

"பாத்தேன்," என்றாள்.