மூங்கில் துறைக்கு வழி

மார்ச் 3, 2025

காலையில் குளித்து, தலை சீவி, இறுக்கிக் கொண்டை போட்டு, வாட்சும் கட்டிய பிறகுதான் நினைவு வந்தது, எங்கும் போக வேண்டியதில்லை என்று. சப்-இன்ஸ்பெக்டர் ஆனந்தவள்ளி ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகப்போகிறது. கொண்டைக்குத்தான் யாரும் சொல்லவில்லை போல. கொண்டையோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

பத்து மணி வாக்கில் எதிர் வீட்டு ரிஃபாத் வந்தாள். கட்டட வரைபடம் போடுகிற பெண். "மேடம், ஒங்க பின்சுவர்ல ஏறி கால்வாயக் கொஞ்சம் பாத்துக்கிடட்டுமா?" என்றாள். முப்பத்து நாலு வருஷம் சுவர் ஏறினவர்களைப் பிடித்தவளிடம் அனுமதி கேட்டு ஏறுகிற முதல் ஆள். காபி வேண்டாம், நோன்பு என்றாள். நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் கால்வாய் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்து எத்தனையோ காலம். நாற்றம், கொசு, சீமைக்கருவேலம். சுவர் மேலிருந்து ரிஃபாத் கத்தினாள்: "மேடம், ஏறி வாங்க, இங்கன கல்லு இருக்கு!"

ஏறினேன். முட்டி வலித்தது. ஆனாலும் ஏறினேன்.

மார்ச் 4

இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போய் இறங்கிப் பார்த்தோம். சிற்றாற்றிலிருந்து வருகிற கால்வாய் எங்கள் தெருவுக்குப் பின்னால் மட்டும் ஒரு சிறு குளம் போல அகன்று கிடக்கிறது. குப்பைக்கு நடுவே இடுப்பளவு கல்தூண்கள். ஒவ்வொன்றிலும் கயிறு உரசி உரசி விழுந்த தடம். அந்தக் காலத்தில் மழை பெய்யும்போது மலை மூங்கிலைத் தெப்பமாகக் கட்டித் தண்ணீரில் விட்டு, இங்கே கொண்டுவந்து கட்டிக் கரையேற்றுவார்களாம். மூங்கில் துறை என்று பெயர். எங்கள் தெருப் பெயர் மூங்கில்துறைத் தெரு. இந்தத் தெருவில் இத்தனை வருஷம் குடியிருந்தும், ஏன் அந்தப் பெயர் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மற்ற எல்லாரையும் எல்லாக் கேள்வியும் கேட்டிருக்கிறேன்.

கால்வாய் குறுகித் தண்ணீர் வெளியேற வேண்டிய முனையில், கரையோடு சேர்த்து சிமெண்ட் தளம் போட்டு இசக்கிமணியின் வாட்டர் சர்வீஸ் ஷெட். பைக், ஆட்டோ கழுவுகிற சோப்புத் தண்ணீரெல்லாம் இந்தக் குப்பையில்தான் விழுகிறது. என்னைக் கண்டதும் ஹோஸைக் கீழே போட்டு நேராக நின்றான். இளவட்டமாக இருந்தபோது கோயில் கொடைத் திருவிழாவில் அடிதடி செய்து, என்னிடம் ஒரு பகல் ஸ்டேஷனில் உட்கார்ந்தவன்.

"நான் இப்போ வெறும் ஆளுலே" என்றேன். நம்பவில்லை.

மார்ச் 11

ரிஃபாத் செய்தியோடு வந்தாள். நகராட்சிக்காரர்கள் துறையின் மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடி, சீசனுக்குக் குற்றாலம் வருகிற வண்டிகளை நிறுத்த ஸ்டாண்ட் கட்டப்போகிறார்களாம். தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்களாம்.

"நீங்க பேசணும் மேடம்."

"நான் எதுக்கு?"

"ஒங்களப் பாத்தாதான் எல்லாரும் வாய மூடிட்டுக் கேப்பாவ."

பாராட்டா அது?

மார்ச் 20

கூட்டம். என் வேலை முழுக்கக் கூட்டத்தைப் பார்த்து நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கலைந்து போங்கள். இன்று முதல் முறையாக 'வாருங்கள்' என்று சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுந்து நின்று, "அதை மூடாதிய. சுத்தம் பண்ணுனா பிள்ளைய எல்லாம் கால நனைக்கலாம், சாயங்காலம் நாம நாலு பேரு உக்காந்து பேசலாம். நம்ம தெருவுல உக்கார ஒரு எடம் இருக்கா, சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இசக்கிமணி எழுந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "உக்காந்து பேசுனா வயிறு நெறையுமா? ஸ்டாண்டு வந்தா எனக்கு வண்டி வரும். அம்புட்டுத்தான்." அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எரிச்சல்.

கடைசியில் நகராட்சி அதிகாரி, "ஜூன்ல சாரல் தொடங்குற வரைக்கும் நேரம் தாரோம். நீங்களே தூர் வாரிக் காட்டுங்க. தண்ணி ஓடுனா பாப்போம்" என்றார். ஓடாது என்று நினைத்துத்தான் சொன்னார். முகத்தைப் படிக்கத் தெரியாதா எனக்கு?

மார்ச் 31

ரிஃபாத் வீட்டிலிருந்து பெருநாள் பிரியாணி. இவர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "கால்வாயில எறங்குத சோலிய நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிடுங்க" என்றார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டியன் அவர்களுக்கு வீட்டுப்படி தாண்டுவதே பெரும்பாடு.

ஏப்ரல் 6

முதல் ஞாயிறு. வந்தது மொத்தம் ஐந்து பேர், ஒரு நாய். வெளியே எடுத்தவை: மெத்தை, ஹெல்மெட், பாதி மின்விசிறி, கால் உடைந்த கல்யாண சோபா. இவர் மொட்டைமாடியில் நின்று, "லெஃப்ட்ல வெட்டு! அங்கன இல்லட்டி, லெஃப்ட்!" என்று உத்தரவு. பொறுத்துப் பார்த்தேன்.

"மேல நின்னு ஆர்டர் போடாதிய. கீழ எறங்கி வாங்க!"

தெருவே சிரித்தது. இறங்கி வந்தார். அவர் வெட்டிய வேகத்தைப் பார்த்து நாய்கூட ஒதுங்கி நின்றது.

ஏப்ரல் 20

எங்கள் தெரு மாரிராஜ் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவர். கூட்டாளிகளோடு டெம்போ கொண்டுவந்து குப்பையை அள்ளினார். சட்டி நிறையப் புளியோதரை கிண்டினேன். மிச்சமில்லை. எங்கள் பக்கம் படிக்கட்டு வெளியே வந்துவிட்டது. வழவழப்பான கருங்கல். வெறுங்காலோடு ஏறி இறங்கிப் பார்த்தேன். ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 27

சண்டை.

தண்ணீர் வெளியேறுகிற மடை இசக்கிமணியின் சிமெண்ட் தளத்துக்கு அடியில் இருக்கிறதாம். தளத்தை உடைக்காமல் எவ்வளவு தூர் வாரினாலும் தண்ணீர் தேங்கத்தான் செய்யும் என்கிறாள் ரிஃபாத். போய்ச் சொன்னோம்.

"என் பொழப்பு மேல கடப்பாரையப் போடச் சொல்லுதியளா மேடம்? ஒங்களுக்குப் பென்ஷன் வருது. எனக்கு?"

அவன் மனைவி ஆவுடைத்தாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனதுக்குள் ஒரே ஏச்சு: ஊரு எடத்துல ஷெட்டப் போட்டுக்கிட்டு என்ன பேச்சு பேசுதான்! நான் ஒரு போன் போட்டா நாளைக்கே ஷெட்டு இருக்காது. இன்ஸ்பெக்டர் என்கிட்ட வேலை பழகுன பையன்தான். போடவா?

போனைக் கையில் எடுத்துவிட்டேன். இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "யூனிஃபார்ம அவுத்தாச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

ஏப்ரல் 28

போன் போடவில்லை. தூங்கவும் இல்லை.

மே 18

இதை எழுதும்போதும் விரல் விறைத்திருக்கிறது.

மத்தியானம் மூன்று மணிக்குக் கோடைமழை பிடித்தது. மலைப் பக்கம் ஒரே கறுப்பு. இதற்குள் நாங்கள் தண்ணீர் உள்ளே வருகிற மேல்முனையைச் சுத்தமாக்கியிருந்தோம். தண்ணீர் தடையில்லாமல் பாய்ந்து வந்தது. முதலில் எல்லாரும் கைதட்டினோம். பிறகுதான் புரிந்தது, வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. படி ஒவ்வொன்றாக முங்கியது. ஷெட்டுக்குப் பக்கத்துச் சந்துக்குள் ஏறியது. இசக்கிமணி வீட்டு வாசல்தான் பள்ளம். முதலில் அங்கேதான் நுழைந்தது.

எங்களால் வந்த வினை. நான்தான் 'வாருங்கள்' என்றேன்.

ஓடினேன். முழங்கால் தண்ணீர். என் பழைய குரல் தானாக வந்துவிட்டது. "பிள்ளையள மேட்டுக்குத் தூக்கு! கரண்ட அணை! சாமான விடு, ஆளு வெளிய வா!" ஆவுடைத்தாயைக் கைபிடித்து வெளியே கொண்டுவந்தேன். அவள் மாமியார் கட்டிலோடு வரமாட்டேன் என்றார். இவரும் மாரிராஜும் கட்டிலோடேயே தூக்கிவந்தார்கள்.

திரும்பினால் இசக்கிமணி, கடப்பாரையோடு ஷெட்டுக்குள் நிற்கிறான். அடிக்க வருகிறான் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன்.

"மேடம், தள்ளி நில்லுங்க."

தன் தளத்தின் நடுவில் ஓங்கிப் போட்டான். மறுபடி. மறுபடி. அவன் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அழுதானா, மழைத் தண்ணீரா, தெரியவில்லை. இவர் இன்னொரு கடப்பாரை எடுத்தார். மாரிராஜ் சம்மட்டி. நான் பிளந்த சிமெண்டுத் துண்டுகளை இழுத்துப் போட்டேன். நகம் பெயர்ந்தது பிறகுதான் தெரிந்தது.

திடீரென்று காலுக்கடியில் ஒரு சத்தம். பெரிய மிருகம் ஏப்பம் விட்ட மாதிரி. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. துறை முழுக்க ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மறுபக்கம் பாய்ந்தது. யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்தோம். ஆவுடைத்தாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மே 19

வெயில். உடைந்த தளத்துக்குக் கீழே துறையின் நல்ல பாதி இருக்கிறது. அகலமான படிகள், வரிசையாகக் கட்டுத்தூண்கள், வாய் திறந்த கல்மடை. இசக்கிமணி ஒரு தூணின் கயிற்றுத் தடத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டு நின்றான்.

"அழகாத்தான் இருக்கு" என்றான். கொஞ்சம் கழித்து, "இனி நான் எங்கன போக?"

ஒரு மனுஷன் தன் கையாலேயே தன் பிழைப்பை உடைத்திருக்கிறான், நானும் ரிஃபாத்தும் தூணைப் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறோம்.

மே 22

சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். இவர் மோரை ஊற்றிக்கொண்டே, "நம்ம மேற்கு ரோட்டு மனை சும்மாத்தான கெடக்கு. அவன அங்கன போடச் சொல்லு" என்றார்.

அந்த மனையில் மாமரத் தோப்பு வைக்கப்போவதாகப் பட்டாளத்திலிருந்து கடிதம் கடிதமாக எழுதியவர்.

"மாமரம்?"

"ஓரத்துல ரெண்டு வச்சுக்கிடுதேன்."

இந்த மனுஷனோடு இத்தனை வருஷம். இன்னும் முழுசாகத் தெரிந்துகொள்ளவில்லை.

ஜூன் 1

மேற்கு மனையில் இசக்கிமணியின் புது ஷெட். சோப்புத் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் இருக்க ரிஃபாத் ஜல்லியும் மணலும் போட்டு உறிஞ்சுகுழி வெட்டச் சொன்னாள். மெயின் ரோடு என்பதால் முதல் நாளே வண்டிகள் வரிசை. எங்கள் ஸ்கூட்டரை வலுக்கட்டாயமாக இழுத்துப் போய்க் கழுவிக் கொடுத்தான். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. கொண்டை இல்லை. எப்போது விட்டேன்?

ஜூன் 8

சாரல்! விடியும்போதே முகத்தில் விழுந்தது. மத்தியானத்துக்குள் சிற்றாற்றுத் தண்ணீர் துறைக்கு வந்துவிட்டது. தேங்கவில்லை, சுற்றிவந்து மடை வழியாகப் பேசிக்கொண்டே போகிறது.

அதிகாரி வந்தார். பேன்ட்டை மடித்தார், ஷூவைக் கழற்றினார், படியில் இறங்கி நின்றார். பிறகு ரிஃபாத்தைப் பார்த்து, "வெளக்கு எங்கெங்க போடணும்?" என்று கேட்டார். மூடுகிற கான்கிரீட் பலகை பற்றிய பேச்சே எழவில்லை. நானும் எழுப்பவில்லை.

ஜூன் 9

பின் ஜன்னலைத் திறந்தேன். துருப்பிடித்த கொக்கி. இவர்தான் சுத்தியல் கொண்டுவந்தார்.

ஜூலை 6

பெயர்ப்பலகை வைப்பது பற்றிப் பேச்சு. யார் யார் பெயர் போடுவது என்று ஒரு மணி நேரம். ஒருவர் பெயரைச் சேர்த்தால் இன்னொருவர் முகம் சுருங்குகிறது. கடைசியில் இசக்கிமணி, "எதுக்கு அண்ணாச்சி வம்பு? ரோட்டுல வழி தெரியுத மாதிரி ஒரு அம்புக்குறி போட்டா போதும்லா" என்றான். எல்லாருக்கும் அப்பாடா என்று ஆகிவிட்டது. 'மூங்கில் துறைக்கு வழி' என்று எழுதி வைத்தோம்.

ஜூலை 20

ரிஃபாத்துக்கு வேறு ஊரிலிருந்து ஒரு பழைய குளத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நீங்களும் வாங்க மேடம், சொவர் ஏற ஆளு வேணும்" என்கிறாள். முட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 17

ஞாயிறு. சாயங்காலம் சமையலை முடித்துவிட்டுத் துறைக்குப் போனேன். சீசன் கூட்டம். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவர்கள், சிப்ஸ் பொட்டலம் பிரித்தவர்கள், தண்ணீரில் காலை விட்டுக் கத்துகிற பிள்ளைகள். கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை பார்த்தேன். உட்கார இடமே இல்லை.

திரும்பலாமா என்று நின்றபோது சிவகிரியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கல்லைத் தட்டினாள்.

"இங்கன உக்காருங்க ஆச்சி. நீங்களும் வெளியூரா?"

"இல்லம்மா, இந்தத் தெருதான்."

"அப்போ ஒங்களுக்கு தினமும் இது இருக்கும்" என்றாள், கொஞ்சம் பொறாமையாக.

ஆமாம் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, அவளுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.