சருகு கூட்டாத கொல்லை

டேராடூன்
12-9-1994

சௌபாக்கியவதி கோமுவுக்கு ஆசீர்வாதம்.

இங்கே மழை ஓய்ந்துவிட்டது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆறுமணிக்குருவிகளின் சத்தத்தையே காணோம். தெற்கே கிளம்பிவிட்டன போலும். இமயமலை அடிவாரத்திலிருந்து நம் கல்லிடைக்குறிச்சிக் கொல்லைக்கு அவற்றுக்கு வழி தெரிகிறது. மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவந்த எனக்குத்தான் தெரியவில்லை.

முருங்கை மரத்தடியில் பார்த்துக்கொண்டிரு. வந்ததும் எழுது, லீவு போட்டு வருகிறேன். வருஷம் ஒன்றாகப் போகிறது, 'வாருங்கள்' என்று நீ ஒரு வார்த்தை எழுதவில்லையே.

விஸ்வேஸ்வரன்

*

கல்லிடைக்குறிச்சி
26-9-1994

உங்களுக்குக் கோமு அநேக நமஸ்காரம். உபய க்ஷேமம்.

குருவி வரவில்லை. வாலாட்டிக் குருவி மட்டும் வந்து துவைக்கிற கல்லைச் சுற்றி நடக்கிறது. பார்க்கிறேன். பார்த்தால் பார்த்தது, அவ்வளவுதான். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பார்கவியின் கவுன்களைப் பாலம்மாள் பேத்திக்குக் கொடுத்தாயிற்று. கொடுக்கும்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

குழந்தை போன நாள் வருகிறதே என்று சாஸ்திரிகளைக் கேட்டேன். சின்னக் குழந்தைக்குத் திதி கிடையாதாம். அன்றைக்கு எனக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை.

கொல்லையில் சருகு கணுக்காலுக்கு மேல் கிடக்கிறது. "எம்மா, ஐயாதான் ஊர்ல இல்லல்லா? இன்னும் யாருக்காவ போட்டு வச்சிருக்கிய? பைய கூட்டித் தள்ளிருதேன்" என்று பாலம்மாள் தினமும் கேட்கிறாள்.

கோமு

*

டேராடூன்
5-10-1994

கோமுவுக்கு ஆசீர்வாதம்.

கூட்ட விடாதே. சருகைக் கிளறித்தான் ஆறுமணிக்குருவி புழு பொறுக்கும். சருகு இல்லாவிட்டால் நம் கொல்லையில் இறங்கவே இறங்காது. விரியன் பாம்புக்குச் சருகுதான் வேண்டும் என்றில்லை, கூட்டிப் பெருக்கின வாசலிலும் கடிக்கும். பார்கவிக்கு நேர்ந்தது விதி. குருவி என்ன செய்யும், நான்தான் என்ன செய்வேன்?

கோபம் இருந்தால் நாலு வார்த்தை திட்டி எழுது. இப்படி யாருக்கோ எழுதுகிற மாதிரி எழுதாதே, தாங்கவில்லை. தீபாவளிக்கு வரட்டுமா?

விஸ்வேஸ்வரன்

*

கல்லிடைக்குறிச்சி
24-10-1994

நமஸ்காரம்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பாலம்மாளைக் கூட்டச் சொன்னேன். குவித்து எரித்தோம். இப்போது கொல்லை வெறும் மண்.

நேற்று விடிகாலையில் குருவி வந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. முருங்கை மரத்தடியில் வெறுந்தரையில் தத்தியது. கிணற்றடி ஈரத்தில் புழுவை இழுத்துத் தின்றது. சாயங்காலம் வாழைக்குள்ளிருந்து கூவியது. இன்றைக்கும் இருக்கிறது.

போன வருஷம் பாலம்மாள் கூட்ட வந்தபோது விளக்குமாற்றை நீங்கள் பிடுங்கி வைத்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் "அப்பா, குருவி!" என்று பார்கவி அந்தச் சருகுக்குள் ஓடினாள்.

சருகு இல்லாமலும் அது வருகிறது.

திட்டச் சொல்கிறீர்கள். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீங்கள் தீபாவளிக்கு வர வேண்டாம். பொங்கலுக்கும் வேண்டாம்.

கோமு