கரண்டு போன நேரத்துச் செய்தி

16 ஜூன், திங்கள்

காலை 10.40-க்குக் கரண்டு போனது. தெரு பூராவும் தறிச்சத்தம் ஒரே மூச்சில் நின்றது. காதுக்குள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

ஐம்பத்து நாலு வயசில் எனக்கு வாய்த்த ஒரே பதவி இது. ராஜகுரு ஷெட்டில் நாலு தறி பார்க்கிற சௌடையா, கரண்டு போனால் உலகச் செய்தி சௌடையா. டீக்கடையில் ரெண்டு பேப்பர், வீட்டில் டி.வி., மீதி சொந்தச் சரக்கு.

இன்று ஏழு பணக்கார நாடுகள் கனடாவில் கூடுகிற சேதி. நம்ம தெருச் சங்கம் மாதிரிதான், தீர்மானம் போடுவாக, வடை தின்பாக, போட்டோ எடுத்துட்டுக் கலைவாக என்றேன். ஈரான் இஸ்ரேல் சண்டை நாலாம் நாள்.

கடைசிச் செய்தி எப்போதும் கத்தார். அது முத்துத்தாய்க்கு. நரிக்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து, தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சிக்கு மிஷினில் நூல் சுற்றுகிறவள். புருஷன் உக்கிரபாண்டி கத்தாரில் தண்ணி லாரி ஓட்டுகிறார். அங்கே ஒன்றுமே நடக்காத நாளில் நானே எதையாவது நடத்தி வைப்பேன். இன்று, பந்தயத்தில் ஓடின ஒட்டகம் பாதியில் படுத்துக்கொண்டது, போலீஸ் வந்தும் எழவில்லை.

“அண்ணே, அந்த ஒட்டகம் போன மாசமே படுத்திருச்சு” என்றாள் முத்துத்தாய்.

17 ஜூன்

கரண்டு போகவில்லை. உலகம் வயிற்றுக்குள்ளேயே கிடந்து புளித்தது.

இத்தனைக்கும் நல்ல சேதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அறிவிப்பு வந்துவிட்டது, 2027-ல் எடுப்பார்களாம், சாதியும் கேட்பார்களாம். எங்கள் தெருவில் எந்த வீட்டில் எத்தனை உருப்படி, அதில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரைக்கும் என்னிடம் தயாராக இருக்கிறது. டெல்லிக்காரர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாப்பிடும்போது வீட்டுக்காரி லிங்கம்மாளிடம் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். தமிழில் எழுதினால் மரியாதையாக இருக்காது.

19 ஜூன், வியாழன்

ஹோர்மூஸ் ஹோர்மூஸ் என்கிறார்களே, அது என்ன? டீக்கடையில் போனைப் பிடுங்கி மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈரானுக்குக் கீழே கடல் கழுத்து மாதிரி ஒடுங்குகிற இடம். ரொம்பக் குறுகின இடத்தில் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தானாம். ஏறக்குறைய நம்ம ஊரிலிருந்து நரிக்குடி! அந்தச் சந்துக்குள்தான் உலகத்துக்கு வேண்டிய எண்ணெய்க் கப்பல் எல்லாம் வரிசை கட்டிப் போகிறதா? டீ ஆறியதே தெரியவில்லை.

மத்தியானம் கரண்டு போனதும் இதைத்தான் முதலில் அவிழ்த்தேன்.

முத்துத்தாய் யோசித்தாள். “அப்பம் நான் தெனமும் ஹோர்மூஸைத் தாண்டித்தான் வேலைக்கு வாரேன்.”

என்னைவிட அவளுக்குத்தான் சிரிப்பு அதிகம் கிடைத்தது. பொறாமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, அப்புறமும் ஏன் என் வாயைப் பார்க்கிறார்கள்? தறியில் பாவு நூல் பிணைக்கிற கனகலட்சுமியிடம் கேட்டேன். போனில் ஆயிரம் பேர் பொய் சொல்கிறார்களாம். என் பொய் பழகின பொய்யாம்.

இது பாராட்டா?

22 ஜூன், ஞாயிறு

லீவு. அமெரிக்காவுக்கு லீவு இல்லை போல, ஈரானில் குண்டு போட்டிருக்கிறது. கறிக்கடை வரிசையில் நின்று நாலு பேருக்குச் சொன்னேன். கறிக்கடைக்காரர் ஈரல் வேணுமா என்றார்.

23 ஜூன், திங்கள்

நாலு மாநிலத்தில் இடைத்தேர்தல் எண்ணிக்கை. காலை முன்னிலையும் மத்தியான முன்னிலையும் மாறுவதை மாமியார் மருமகள் சண்டையாக நடித்துக் காட்டினேன். ராஜகுரு முதலாளியே நின்று கேட்டார். கடைசியில், “கத்தாருல ஒண்ணுமில்ல. உக்கிரபாண்டி பத்திரமா லாரி நிழல்ல படுத்திருக்காரு.”

முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

24 ஜூன், செவ்வாய்

காலையில் டி.வி.யைப் போட்டால், நேற்று ராத்திரி கத்தாரில் ஏவுகணை. அமெரிக்கப் படைத்தளத்தின் மேல் ஈரான் விட்டதாம். உயிர்ச்சேதம் இல்லை என்கிறார்கள். விமானம் எல்லாம் நிறுத்தி, பிறகு விட்டார்களாம்.

எனக்கு முதலில் வந்த நினைப்பை எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள். ‘இன்னைக்குச் சரியான சேதி.’ பல் விளக்கும்போதுதான் முத்துத்தாய் ஞாபகம் வந்தது.

11.10-க்குக் கரண்டு போனது. எனக்கு எதிரே, வழக்கமாக உட்காருகிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். இடைத்தேர்தலில் யார் ஜெயித்தார் என்று ஆரம்பித்து, மழையைச் சொல்லி, கிரிக்கெட்டைச் சொல்லி, செய்திகள் முடிந்தன என்று எழுந்துவிட்டேன். கத்தார் வாயில் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பாவம், அவள் காதில் ஏன் போட வேண்டும் என்று எனக்கு நானே சபாஷ் வேறு.

கரண்டு வந்து கால் மணி நேரத்தில் பார்க்கிறேன், அவள் மிஷின் சும்மா நிற்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள் என்றாள் கனகலட்சுமி. ஓடுமுன் ஒன்றே ஒன்று சொன்னாளாம். “அண்ணனே கத்தாரைச் சொல்லலைன்னா, சொல்ல முடியாததுதான் நடந்திருக்கு.”

போன் போட்டேன். பிஸி. மறுபடி. பிஸி. முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நானும் பஸ் ஏறினேன். ஹோர்மூஸ் இவ்வளவு நீளமா?

அவள் வீட்டு வாசலில் பதினேழு சோடிச் செருப்பு. எண்ணினேன், உள்ளே போகத் தைரியமில்லாமல். அப்புறம் பார்த்தால் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணிக்கே உக்கிரபாண்டி பேசிவிட்டாராம். ராத்திரி வானத்தில் சத்தம் கேட்டதாம். நெட்டு தீர்ந்துபோய், காலையில் லோடு எடுத்துப் போய், வழியில்தான் ரீசார்ஜ் செய்தாராம்.

எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அவளைத் தவிர.

“இன்னைக்கு நான் வேலைக்கு வரலண்ணே. பஸ்ஸுலயே எல்லாரும் போன்ல காட்டிட்டாக, அவருக்குப் போன் போகல. உங்க செய்தியக் கேக்கத்தான் வந்தேன்.”

நல்லதுக்குத்தான் சொல்லாமல் விட்டேன் என்று என்னமோ முனகினேன்.

“நீங்க சொன்னா எம்புட்டுக் கழிக்கணும்னு எனக்குத் தெரியும். சொல்லாம விட்டா எதைக் கழிக்க? அங்கன இருந்து இங்கன வந்து சேர்ற வரைக்கும் நான் தாலி அறுத்தவண்ணே.”

யாரோ எனக்கும் டீ கொடுத்தார்கள். குடிச்சேனா? தெரியலை.

ஏன் அப்படிச் செஞ்சே, சௌடையா? இரக்கமா? இல்ல. எதிரே உக்காந்து அழுதுட்டா என்ன செய்றதுன்னு பயம். அம்புட்டுதான். ஒட்டகத்தைப் படுக்கவைக்கத் தெரிஞ்சவனுக்கு உள்ளதைச் சொல்ல வாய் வரலை.

25 ஜூன்

அவள் வரவில்லை. கரண்டு போனது. செய்தி இல்லை என்றேன். சண்டை நின்றதா இல்லையா என்றாவது சொல்லும் என்றார்கள். நின்னாச்சாம் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போனேன்.

லிங்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அந்த ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சோற்றைப் போட்டாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

27 ஜூன், வெள்ளி

வந்தாள். தார்ப்பெட்டியை என் தறிக்குப் பக்கத்தில் வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. கரண்டு போகணுமே என்றும் போகக்கூடாதே என்றும் நாள் பூரா பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

1 ஜூலை, செவ்வாய்

10.50. போய்விட்டது.

மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்தபிறகு எழுந்து, நேற்றுப் படித்துவைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, இதைச் சொன்னேன்: “இனிமே கத்தார்தான் தலைப்புச் செய்தி. நல்லதோ கெட்டதோ, உள்ளபடி. ஆனா உள்ளது எங்கிட்ட இல்ல. முத்துத்தாயிகிட்டதான் இருக்கு.”

வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அவள் கல்லைவிட்டு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“கத்தார். வெயிலு நாப்பத்தி நாலு. விமானம் ஓடுது. நேத்து அவரு லாரிக்குக் குறுக்க ஒரு ஒட்டகம் படுத்திருச்சாம். போலீஸ் வந்தும் எந்திரிக்கலையாம். மத்த நாடெல்லாம் அண்ணன் சொல்லுவாரு.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பின் சுவடு இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். இதில் எவ்வளவு கழிக்க வேண்டும்?

கேட்க வாயெடுத்தேன். கரண்டு வந்துவிட்டது.