திரும்பி வருவாய் என்று நின்ற ஜாமீன்

அக்கா,

இன்றைக்குக் கொஞ்சம் வெயில் அடித்தது. துணிகளைக் காயப்போடலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உன் மகள் என்னிடம் விட்டுப்போன அரக்கு நிற ஸ்வெட்டரில் இன்னும் அந்துருண்டை வாசம். அயர்லாந்துக் குளிருக்கென்று நீ மூணாறில் வாங்கியது. "மாட்டுப்பட்டிக் குளிரப் பாத்தவளுக்கு அது என்னட்டி குளிரு?" என்பாய். ஆனாலும் ஒரு நாள்கூடப் போடாமல், மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாய்.

அந்த வாசத்தில் கண்ணை மூடினால் தேயிலைக் காடு வந்துவிடுகிறது. மூடுபனி. செடி வரிசையில் உன் நிரைக்கு அடுத்தது என் நிரை. கொழுந்தின்மேல் கத்தரி ஓடுகிற சத்தம். அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் உன் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை. விசா ஆபீசில் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, ஒத்திகைக்கு நான் விசா ஆபீஸ் துரை ஆனேன்.

"எதுக்கும்மா போறீக?"

"பேரனக் குளிப்பாட்ட."

"அங்கேயே இருந்துருவீகளோ?"

"போ தொரை, எங்க வீட்டுக் கோழிய ஒங்கப்பனா பாப்பான்?"

பனிக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வரும். ஆட்கள் தெரிய மாட்டார்கள்.

விசாவுக்காகக் கொச்சிக்குப் போய்வந்து பஸ்ஸை விட்டு இறங்கினாய். முகம் வாடிக் கிடந்தது. "போட்டோ புடிச்சான், வெரல வைக்கச் சொன்னான், போகச் சொல்லிட்டான். ஒருத்தனும் ஒண்ணுமே கேக்கலட்டி."

பிறகு உன் மகள் போனில் அழுதாள். விசா இல்லையாம். நீ திரும்பி வருவாய் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். சொந்த வீடில்லை, நிலமில்லை. குடியிருக்கிற லயத்து வீடும் தேயிலைக் கம்பெனி வீடு.

"கேட்டிருந்தாச் சொல்லிருப்பேனே" என்றாய். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

மகளிர் குழுவில் ஒருத்தி லோன் எடுத்தால் மற்றவர்கள் ஜாமீன் நிற்போமே, நமக்குத் தெரிந்த வழி அதுதான். பக்கத்து நிரைக்காரிகள் எல்லோரும் சேர்ந்து, 'இவள் திரும்பி வருவாள், நாங்கள் பொறுப்பு' என்று வெள்ளைத் தாளில் எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. மறுபடி விசாவுக்கு மனுப் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் சிரித்தார்.

"இதெல்லாம் அங்க செல்லாதும்மா."

"செல்லாட்டியும் சேத்து வைய்யா" என்றாய்.

மறுபடியும் இல்லை என்றுதான் வந்தது. அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாய். எழவில்லை.

உன் காரியத்துக்குப் பேரன் வந்தான், அக்கா. உன் வாசலில் உட்கார்ந்து, நான்தான் அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன். முதல் சொம்புக்கு வீறிட்டான். அடுத்த சொம்புக்குச் சிரித்தான், உன்னை மாதிரியே, வாயெல்லாம் திறந்து. அந்த ஈரச் சூடு இன்னும் என் முழங்காலில் இருக்கிறது.

இப்போது உன் நிரையையும் நான்தான் எடுக்கிறேன். பனி இறங்கினால் அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். நின்று பார்ப்பேன். "என்னக்கா பாக்குற?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்களும் பார்ப்பார்கள்.

திரும்பி வருவாய் என்று எழுதிக் கொடுத்தவள் நான். பார்க்காமல் எப்படி அக்கா?