மூன்றாவது கேமரா

அன்பு சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது என் பழக்கம், இந்தத் தடவை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன், ஏன் என்று படித்துக்கொண்டே வா. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள், அவள் நின்றால் என் வாயில் வெயில், மழை தவிர வேறு எதுவும் வராது. அதனால் எடை மேடைக் கூண்டில் உட்கார்ந்து, ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணினால் மேடையில் லாரி ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள், இந்தக் கூண்டு மொத்தமும் அப்போது ஒரு குலுக்கு குலுக்கும்.

கேமரா விஷயம்தான். உன் அண்ணன் மகன் உருளையின் படங்களை அம்மா வாராவாரம் உனக்கு அனுப்புவாள் இல்லையா, மூன்று மாதம் முன்னால் நீ ஒரு செய்தி போட்டிருந்தாய், எல்லாப் படமும் ஆடியிருக்கு, பிள்ளைக்கு மூக்கு எங்க இருக்குன்னே தெரியல, அந்தப் பழைய போனை விட்டுட்டு கைக்கு அடக்கமா ஒரு கேமரா வாங்குங்க என்று. எவ்வளவு விலைக்குள் வாங்க வேண்டும், பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும், ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க வேண்டும் என்று பட்டியலும் போட்டிருந்தாய். அம்மா அதை நாலு தடவை படித்துவிட்டு, பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே, போன்தான் சரியில்ல என்று அத்தனை சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை, போன் மேல் பழியைப் போட ஒரு ஆள் கிடைத்ததே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கேமரா கடைக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரிப்பேரும் பழைய கேமரா வியாபாரமும் சேர்த்துச் செய்கிற கடை, நடத்துவது ஒரு அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். உன் பட்டியலுக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டை எடுத்து வைத்தார். நான் என் தொழில்புத்தியை விடாமல் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து, இது முன்னூறு கிராம், இது இருநூத்தி இருபது, கனமானது எதுவோ அதுதான் நல்ல சரக்கு என்று சொன்னேன். அம்மாள் சிரித்துவிட்டு, நீங்க சொல்றதும் சரிதான் சார், கனமானதுல கை ஆட்டத்தை அதுவே சமாளிச்சுக்கும், அதுக்காகத்தான் கொஞ்சம் விலை கூட என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், எல்லாரிடமும் சொல்வதாக இருக்கும். ஆனால் அவர் பார்வை அம்மா கேமராவைப் பிடித்திருந்த கையில் ஒரு நொடி நின்றது. அம்மா கேமராவை மேசை மேல் வைத்துவிட்டாள். எனக்குக் கை ஆடலையே, எதுக்கு வீணா, அந்த லேசானதையே குடுங்க என்றாள். உன் பட்டியலில் இருந்த விலையை விட அந்தக் கனமான கேமராவே குறைவுதான், நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

லேசான கேமராவில் எடுத்த படங்களைத்தான் நீ பார்த்தாயே. உருளை ஓடிக்கொண்டே இருந்தான் என்றாள், தூங்குகிற பிள்ளையை எடுத்ததும் அப்படியே வந்தது. வெளிச்சம் போதவில்லை என்றாள், மொட்டை மாடியில் பட்டப்பகலில் எடுத்ததும் அப்படியே வந்தது. கேமராவில் கோளாறு என்று கொண்டுபோய் மாற்றினாள், இரண்டாவதும் லேசானதுதான், அதுவும் அதே கதை. இதற்கிடையில் வீட்டில் நான் பார்த்ததை எல்லாம் உனக்குச் சொல்லாமல் இருந்தது என் தப்பு. எட்டு மாதமாக அம்மா உனக்குச் செய்தி எழுதுவதே இல்லை, பேசித்தான் அனுப்புகிறாள், அம்மா ரொம்ப மாடர்ன் ஆயிட்டாங்க என்று நீ கேலிகூட செய்தாய். டம்ளரில் பாதிதான் ஊற்றுகிறாள். என் சட்டைப் பொத்தான் ஒன்று போய் இரண்டு மாதமாகிறது. கேட்டால் நேரமில்லை என்கிறாள். அவள் வேலையை நினைத்துப் பார். ஆஸ்பத்திரி லேபில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறாள், அந்தம்மா எடுத்தா குத்துறதே தெரியாது என்று அவளையே கேட்டு வந்து வரிசையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நிற்பேன். ஆனால் கேட்கத் தைரியம் இல்லை. நாமே கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடுமோ என்று இருவருமாகச் சேர்ந்து ஒரு கேமராவைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இங்கே மேடையில் எண் நிற்காமல் ஆடினால் டிரைவர்கள் உடனே மெஷின் சரியில்லை என்பார்கள். நான் வாதாடுவதில்லை. லாரியை இறக்கிவிட்டு இருபது கிலோ சோதனைக் கல்லை வைப்பேன். எண் நின்றால் மெஷின் சரி, லாரிக்குள் ஏதோ ஆடுகிறது, தண்ணீர் டேங்கராக இருக்கும். போன வாரம் அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அம்மா இரண்டாவது தடவையாகக் கேமராவை மாற்றக் கிளம்பினாள், நான் இரு என்று சொல்லி, உன் பழைய பாடப் புத்தகங்களை மேசையில் அடுக்கி, அதன் மேல் கேமராவை வைத்து, பத்து நொடி டைமரைப் போட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். படத்தை எடுத்துப் பார்த்தோம். அவள் புடவையின் பூ, என் மூக்கின் மேல் இருக்கிற மச்சம், சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் எல்லாம் அப்படியே தெளிவாக இருந்தது. அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். கடைசியில் என்னையும் மேடையில ஏத்தி நிறுத்திட்டீங்க இல்ல என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மேசைக்கு வந்தது, ஆள் வரவில்லை. முப்பது வருடத்தில் நான் செய்த சோதனைகளிலேயே மோசமானது அதுதான், அதற்குப் பதில் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது நாள் செவ்வாய்க்கிழமை அவள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் கேமரா கடைப் பை. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். காலையில் ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை தப்பியிருக்கிறது, அவர் பரவாயில்லம்மா, என் நரம்பு அப்படித்தான் என்று அவளுக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள், நானும் மூணு மாசமா கேமரா மேல பழியப் போட்டு இதேதானே சொல்லிட்டிருக்கேன் என்றாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறாள், நேராக லேப் பொறுப்பாளரிடம் போய் என் கை ஆடுது, என்னை ஊசியில இருந்து எடுத்துடுங்க என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். இப்போதைக்குப் பதிவு மேசையில் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கேமரா கடைக்குப் போய், கை ஆட்டத்துக்குன்னு ஒண்ணு சொன்னீங்களே, அதையே குடுங்க என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். கடைக்கார அம்மாள் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், கழுத்தில் மாட்டுகிற வாரை மட்டும் அளவு பார்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க, சொன்னேன் பாரு, முன்னூறு கிராம்தான் நல்ல சரக்கு என்றேன். போதும் உங்க தராசு என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

நரம்பு டாக்டரிடம் தேதி கிடைத்திருப்பது இன்னும் பதினெட்டு நாள் கழித்து. தைராய்டாக இருக்கலாம், மாத்திரையில் சரியாகிற சாதாரண நடுக்கமாக இருக்கலாம், இன்னொன்றாகவும் இருக்கலாம், அந்தப் பெயரை வீட்டில் நாங்கள் இருவரும் இன்னும் வாயால் சொல்லவில்லை. நீ கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அவசரப்பட்டு டிக்கெட்டும் போடாதே, டாக்டர் என்ன சொல்கிறார் என்று தெரிந்த பிறகு நானே சொல்கிறேன், இனிமேல் எதையும் மறைக்க மாட்டேன். புதுக் கேமராவில் உருளையின் படங்கள் பத்தில் ஆறு தெளிவாக வருகிறது. மற்ற நாலையும் அழிக்காமல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆடின படம் வந்தால் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லாதே, அவளுக்குத் தெரிந்துவிடும், கேமராவையும் திட்டாதே. கை எப்படி இருக்கிறது என்று நேராகக் கேள். எங்களால் முடியாமல் போனது அந்த ஒரு கேள்விதான்.

நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நிறைவாக, நீண்ட நாள் இருக்க வேண்டும், நீ எடுத்த காரியம் எல்லாம் கூடி வர வேண்டும். பதினெட்டாம் நாள் சாயங்காலம் கட்டாயம் போன் செய், அப்போது அம்மா பக்கத்தில் நின்றாலும் நான் வெயில், மழை பேச மாட்டேன். தள்ளி வைத்த அந்த முதல் வரியை அன்றைக்கு எழுதலாமா என்று பார்ப்போம்.

கடிதத்தை மூடப் போனவன் மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். ஒளித்து வைக்க எனக்கு எங்கே தெரியும், சாப்பாட்டுப் பையில் வைத்தேன், கழுவ எடுத்தவள் கையில் கிடைத்துவிட்டது. நின்றபடியே முழுவதும் படித்தாள். பத்தில் ஆறு இல்ல, ஏழு, மாத்தி எழுதுங்க என்றாள். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு, கீழ என் பேரை நான் போடறேன், நீங்க போட வேண்டாம், அவ பாக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூன்றே எழுத்துக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். வீட்டு மேசையில் வைத்துத்தான் எழுதினாள், பக்கத்தில் எந்த லாரியும் இல்லை.

இப்படிக்கு,
அப்பா
அம்மா