தரையில் வைத்த ஸ்பீக்கர்

ஜனவரி 8, புதன்

பவ்யா தூங்கிவிட்டாள். விக்ரம் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறார். பாத்திரம் அப்படியே கிடக்கிறது, காலையில் பார்க்கலாம்.

சாயங்காலம் கீழ்வீட்டு சாவித்திரி ஆன்ட்டி மேலே வந்தார். "ஏம்மா, நீங்க பாட்டு போட்டா எங்க ஷெல்ஃபுல டம்ளரெல்லாம் டான்ஸ் ஆடுது. பாட்டாவது கேட்டாலும் பரவாயில்ல, கும்மு கும்முன்னு இடிதான் வருது." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விக்ரமின் ஸ்பீக்கர் இரண்டும் ஹாலில் பீரோ மாதிரி நிற்கின்றன. அதைப் பிடித்து எழுந்து நின்று ஆடுவதுதான் பவ்யாவுக்கு நாள் முழுக்க வேலை. பதினோரு மாதக் குழந்தை! விக்ரம் வீடியோ எடுத்து ஆபீஸ் முழுக்க அனுப்பியாயிற்று. "என் பொண்ணுக்கு என் காது" என்று பெருமை.

இன்னொன்று. காலையில் குக்கர் மூடி கைநழுவி விழுந்தது. நானே பதறிப்போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த பவ்யா திரும்பக்கூட இல்லை. விக்ரமிடம் சொன்னதற்கு, "விளையாட்டு மும்முரத்துல இருந்திருப்பா. காது கேக்காமலா பாட்டுக்கு ஆடுறா?" என்றார்.

சரிதானே. சரிதான்.

ஜனவரி 19, ஞாயிறு

ஆவடியிலிருந்து விக்ரமின் சிநேகிதர் வேம்புலி அண்ணா வந்தார். பகலில் ஃபேக்டரி வேலை, மிச்ச நேரமெல்லாம் வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர். விக்ரமுக்காகச் செய்ததைப் பெட்ஷீட்டில் சுற்றி, பைக் டேங்க் மேல் வைத்தே கொண்டுவந்துவிட்டார். வால்வு என்கிற அந்தக் கண்ணாடிக் குழாய்கள் ஆரஞ்சாக எரிவது பார்க்க அழகுதான். எட்டு வாட்ஸ்தானாம். பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் நூறு.

பாடுகிறவள் நம் சோபாவில் வந்து உட்கார்ந்துகொண்டு பாடுவதுபோல் இருந்தது, எனக்கே. ஆனால் அடியில் அந்த 'கும்' இல்லை. சத்தத்தை ஏற்றினால் குரல் கரகரத்தது. விக்ரம் முகம் விழுந்துவிட்டது.

"ஆம்ப் மேல குத்தம் இல்ல மச்சான். உன் ஸ்பீக்கர் பயில்வான் கணக்கா கீது. இத்தனூண்டு எட்டு வாட்ஸ் அத்த எப்டி தூக்கும்? ஜாதகம் பாக்காம கண்ணாலம் பண்ணிட்டே" என்றார் வேம்புலி அண்ணா.

பவ்யா மூலையில் கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் பக்கமே வரவில்லை.

"தோ பாரு, கொயந்தைக்கே தெரியுது மேட்ச் ஆவலன்னு. இன்னா தங்கச்சி, உன் பொண்ணு பெரிய ஆளா இருக்கும் போல கீதே!"

எல்லோரும் சிரித்தோம். நானும்.

ஜனவரி 27, திங்கள்

முன்பெல்லாம் 'பபப' என்று ஓயாமல் சொல்வாளே. குறைந்திருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

பிப்ரவரி 2, ஞாயிறு

வால்வு ஆம்புக்கென்றே புது ஸ்பீக்கர் வந்துவிட்டது. கொஞ்சம் வாட்ஸ் கொடுத்தாலே நன்றாகப் பாடுகிற வகை. சின்னது. ஸ்டாண்ட் மேல் வைத்து, தரை அதிராதபடி அடியில் ரப்பர் கொடுத்திருக்கிறார். ஆன்ட்டிக்கும் நிம்மதி. பழைய பீரோ ஸ்பீக்கர்கள் பெட்ரூமுக்குப் போய்விட்டன.

"இப்பதான் ஜோடி ஒத்துக்கினு பாடுது மாமே" என்றார் வேம்புலி அண்ணா. விக்ரம் கண்ணை மூடிக் கேட்டார். சத்தமும் நிறையத்தான் வைத்திருந்தார், சமையலறையிலிருந்து நான் கத்தித்தான் காபி வேண்டுமா என்று கேட்க வேண்டியிருந்தது.

பவ்யா தவழ்ந்து, பழைய ஸ்பீக்கர் நின்ற இடத்துக்குப் போனாள். வெறும் தரையில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பழசுக்குப் பழகிட்டா, அதான்" என்றார் விக்ரம். நானும் போய் அந்தத் தரையில் கை வைத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

விக்ரம் ஆபீஸ் போனதும் பழைய ஸ்பீக்கர் ஒன்றை ஹாலுக்கு இழுத்து வந்து, பழைய ஆம்பில் நானே ஒயர் மாட்டினேன். பாட்டு போட்டேன். வேகவேகமாகத் தவழ்ந்து வந்தாள். பிடித்து நின்றாள், குதித்தாள், எச்சில் ஒழுகச் சிரித்தாள்.

அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அதே பாட்டு. அதே சத்தம். அவள் ஃபேனைப் பார்த்தாள்.

இறக்கினேன், ஆடினாள். தூக்கினேன். ஒன்றுமில்லை. மறுபடி இறக்கினேன். மறுபடி தூக்கினேன்.

காது இல்லை. காலு. இத்தனை நாளும் காலாலதான் கேட்டிருக்கா. நாங்க வீடியோ எடுத்து சிரிச்சிட்டிருந்திருக்கோம். மார்ல போட்டு பாடித் தூங்க வச்சேனே — என் நெஞ்சு அதிர்ந்ததுக்குத்தான் தூங்கினியா, கண்ணு?

பிப்ரவரி 5, புதன்

இன்னும் விக்ரமிடம் சொல்லவில்லை. விசிலடித்துக்கொண்டே வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 8, சனி

சொன்னேன்.

"உனக்கு எதுலதான் பயமில்ல? பிறந்ததுலேர்ந்து அவளுக்கு ஒரு வியாதி தேடிட்டே இருக்க. அவ மூச்சு விடுறாளான்னு கைய வச்சுப் பாக்கற ஆளு நீ."

உண்மைதான். பார்க்கிறேன்தான். "ஒரு தடவ அவளத் தூக்கி வச்சுக்கிட்டு போட்டுப் பாருங்க" என்று மட்டும் கேட்டேன்.

புது ஸ்பீக்கரில் போட்டார், பாட்டு இல்லை. ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கென்றே ஒரு ஒலி வைத்திருக்கிறார். அடிவயிற்று உறுமலில் தொடங்கி மேலே மேலே ஏறி விசிலாக முடியும். பவ்யா அவர் தோளில். முடிந்ததும் சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டார். இன்னும் கூட்டினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் அப்பாவின் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள். கீழே ஆன்ட்டி கிரில்லைத் தட்டினார்.

ஆம்பை அணைத்தார்.

"ரூம்ல ஏதோ பிராப்ளம்" என்றார்.

எந்த ஸ்பீக்கர் சரியாக ஒலிக்காவிட்டாலும் முதலில் அவர் சொல்வது அதைத்தான். சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது போல. குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதும். பிறவியிலேயே என்றார் டாக்டர். முதலில் காதுக்கருவி வைத்துப் பார்ப்போம், பெரும்பாலும் ஆபரேஷன் வரை போக வேண்டியிருக்கும் என்றார். மெதுவாக, எங்களுக்குப் புரியும்படி விளக்கத்தான் பார்த்தார்.

விக்ரமுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "தொண்ணூறு டெசிபல்லயுமா?" என்று கேட்டார்.

"ஆமா சார். அவ்ளோ சத்தத்துலயும் ரெஸ்பான்ஸ் இல்ல."

திரும்பும் வழியில் வேலப்பன்சாவடி சிக்னலில் வண்டி நின்றபோது பின்னாலிருந்த லாரி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது. என் மடியில் அவள் தூங்கினாள்.

பிப்ரவரி 20, வியாழன்

முதுகுக்குப் பின்னால் நின்று "பவீ" என்று கூப்பிடுகிறேன். தெரிந்தும் கூப்பிடுகிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

வேம்புலி அண்ணா வந்து வால்வு ஆம்பையும் புது ஸ்பீக்கரையும் எடுத்துப்போனார். விக்ரம்தான் விஷயத்தைச் சொல்லி வரச் சொல்லியிருக்கிறார். கீழே ஆன்ட்டியிடம் நேற்றே நான் சொல்லிவிட்டேன். வாயாடுகிற மனிதர், இன்று ஒரு ஜோக்கும் இல்லை. "நான் பாட்டுக்கு இன்னாவோ சொல்ட்டேம்மா அன்னிக்கு" என்றார் வாசலில். "அய்யோ, விடுங்கண்ணா" என்றேன்.

மத்தியானம் விக்ரம் பழைய ஸ்பீக்கர்களை ஹாலுக்குக் கொண்டுவந்து தரையிலேயே நிறுத்தினார். ரப்பர் இல்லை. பின்பக்கம் குனிந்து ஏதோ செய்தார். பாட்டு போட்டதும் திடுக்கிட்டேன். குரல் இல்லை, வயலின் இல்லை, வார்த்தையே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ உரலில் இடிப்பதுபோல் கும், கும் மட்டும்.

"ஒயர் விட்டுப்போச்சா?"

"நான்தான் கழட்டினேன். பெட்டியில மேல, குரல் வர்ற சின்ன ஸ்பீக்கரையெல்லாம்." என்னைப் பார்க்கவில்லை. "அது யாருக்கு?"

பவ்யா இரண்டு கையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆடினாள். கீழே டம்ளர்கள் ஆடியிருக்கும். ஆன்ட்டி வரவில்லை.